கூடலூரின் கடைசி எழுத்து

கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்களைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று எழுத்துகளிலும் தரும் சிறு கையேடு ஒன்றை உருவாக்கும் வேலையில் நாம் சில மாதங்களாக ஈடுபட்டிருக்கிறோம். கைப்பேசியிலும் திறக்க வேண்டும், அச்சிட்டாலும் கண்ணுக்கு இதமாயிருக்க வேண்டும் என்பது எண்ணம். பல இடங்களிலிருந்து திரட்டிய பெயர்களை அகரவரிசைப்படுத்தியபோது ஒரு வியப்புக் காத்திருந்தது. கூடலூர் இரண்டு முறை வந்தது. நீலகிரிக் கூடலூர் ஏதும் வழிதவறி வந்து சேர்ந்துவிட்டதோ என்றே முதலில் நினைத்தோம். அப்படியில்லை. இரண்டும் கம்பத்துக்குத் தெற்கே, லோயர் கேம்ப்புக்குச் செல்லும் வழியில் உள்ள அதே கூடலூர்தான். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த பெயர் கணினிக்கு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. சின்னமனூரும் போடிநாயக்கனூரும் அவ்வாறே இரட்டித்து நின்றன.

உற்று நோக்கியபோது காரணம் புலப்பட்டது. ஒன்று ‘கூடலூர்’; மற்றது ‘கூடலூா்’. முன்னதில் இறுதி எழுத்து ரகரமும் புள்ளியும் சேர்ந்த ரகர மெய். பின்னதில் ரகரமே இல்லை. ஆகாரத்துக்கு இடும் காலை நிறுத்தி அதன் தலையில் புள்ளி வைத்திருக்கிறார்கள். இலக்கணப்படி அப்படியோர் எழுத்து தமிழில் கிடையாது. காலுக்கு மெய்யாகும் உரிமையை எந்த நூலாரும் வழங்கவில்லை. ஆயினும் அரசுப் பட்டியல்களிலும் செய்தித் தளங்களிலும் திருமண அழைப்பிதழ்களிலும் இந்த இல்லாத எழுத்து எங்கும் நிறைந்திருக்கிறது. ‘அவா்’, ‘ஆசிரியா்’, ‘பேரூா்’ என்று வாசகர்கள் நாள்தோறும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சில திரைகளில் அந்தக் காலின் அருகே புள்ளிகளாலான சிறு வட்டம் ஒன்று தோன்றித் தவற்றைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான திரைகளில் அதுவும் இல்லை.

தட்டச்சு செய்தவரைக் குறை கூறி இதைக் கடந்துவிடலாம். ஆனால் அவர் விரலுக்கு இந்தப் பழக்கத்தைக் கற்பித்த வரலாறு மிக நீண்டது. அதை ஓலைச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓலையில் ரகரமும் காலும் ஒரே உருவினவாகவே எழுதப்பட்டன. ஓலை கிழிந்துவிடும் என்பதால் புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெளிவாக இல்லை. சுவடி படித்தவர்கள் இடம்நோக்கிப் பொருள் கொண்டார்கள். நம் மாவட்டத் தலைநகரின் பெயரை அன்று எழுதியிருந்தால் ‘தெனி’ என்றே எழுதியிருப்பார்கள். ‘தேனி’ என்று படிப்பது படிப்பவர் பொறுப்பு. இன்று நாம் இடும் இரட்டைச் சுழிக் கொம்பு, 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வீரமாமுனிவர் செய்த சீர்மையின் வழி வந்தது. கம்பத்தின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. அப்பெயரின் நான்கு எழுத்துகளில் இரண்டு மெய். புள்ளிகளை நீக்கிவிட்டால் ‘கமபம’ என்றாகிவிடும்.

அச்சுக்கலை வந்தபின் ரகரத்துக்குக் கீழே சாய்ந்த சிறு கால் ஒன்று அமைந்து, ஆகாரக் காலிலிருந்து அது பிரிந்தது. ஆனால் புள்ளியோ இகர ஈகாரக் குறியோ மேலே வந்தால் குழப்பத்துக்கு இடமில்லை என்று கருதி, ர், ரி, ரீ ஆகியவற்றுக்குக் கீழ்ச்சாய்வை விட்டுவிடும் வழக்கும் நிலைத்தது. கையெழுத்தில் இன்றும் நம்மிற் பலர் அப்படித்தான் எழுதுகிறோம். தாளில் அது பிழையன்று, அழகும்கூட. தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்களுக்கும் காலும் புள்ளியும் சேர்ந்தால் ரகர மெய் என்பது இயல்பாகிவிட்டது. பின்னர்க் கணினி வந்தது, பாமினி முதலிய எழுத்துருக்கள் வந்தன, விரல்கள் மாறவில்லை.

பாமினிக் காலத்தை அறியாத இளைஞர்களுக்கு ஒரு சொல். அந்த எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் அமர்ந்திருந்தன. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் காட்சி தரும். கணினி அறிந்தது அந்த ஆங்கிலக் குறிகளை மட்டுமே. தமிழ் என்பது அவற்றின்மேல் போர்த்திய ஓவியம். ஓவியத்தில் காலும் புள்ளியும் ரகர மெய்யாகத் தெரிந்தால் போதுமானதாயிருந்தது. ஒருங்குறி வந்து, பழைய கோப்புகளை மாற்றி எழுதும் நிரல்கள் வந்தபோது, அவை காலைக் காலாகவும் புள்ளியைப் புள்ளியாகவும் நேர்மையாகவே மாற்றின. ஓவியமாக இருந்தவரை சரியாக இருந்த கூடலூர், எழுத்தாக மாறிய நாளில் பிழையாயிற்று.

இதில் ஒரு சுவையான செய்தி. கையேட்டின் மலையாளப் பத்தியிலும் கூடலூர் இரட்டித்தே வந்தது! அங்கும் சிக்கல் அதே இறுதி ரகர மெய்யில்தான். மலையாளத்தில் அதனைச் சில்லெழுத்து என்பர். ஒருங்குறியில் அதனை முதலில் ரகரம், சந்திரக்கலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி ஆகிய மூன்றின் சேர்க்கையாக எழுதிவந்தனர். 2008இல் வெளிவந்த 5.1ஆம் பதிப்பு சில்லெழுத்துகளுக்குத் தனி இடம் தந்தது. பழைய முறையில் எழுதியதும் புதிய முறையில் எழுதியதும் இன்றும் இணையத்தில் அருகருகே வாழ்கின்றன. குமுளி மலைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே ஊரின் ஒரே எழுத்து வெவ்வேறு காரணங்களால் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது.

குமுளியைச் சொன்னதும் அந்தச் சாலையின் மறுமுனை நினைவுக்கு வருகிறது. முன்பு 220 என்று எண்ணிடப்பட்டு, இப்போது 183 என வழங்கும் தேசிய நெடுஞ்சாலை நம் பள்ளத்தாக்கின் ஊடே ஏறிக் குமுளி, கோட்டயம் வழியாகக் கொல்லத்தை அடைகிறது. அந்தக் கொல்லத்தில்தான் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்துகளால் அச்சிடப்பட்டுக் கிடைத்திருக்கும் நூல்களில் அதுவே முதலாவது. அண்டிரிக் அடிகளாரின் அச்சிறு நூலுக்குப் பக்கங்கள் 16. அதன் முகப்பில் போர்ச்சுக்கீசியத் தலைப்பு உரோமன் எழுத்திலும், அதனோடு தமிழ் தமிழெழுத்திலும் நிற்கின்றன. அத்தலைப்பு மொழியை ‘மலவார் தமிழ்’ என்று குறிக்கிறது. இறுதிப் பக்கத்தில் 1577இல் கோவாவில் வார்த்த எழுத்துகளையும் 1578இல் கொல்லத்தில் வார்த்த எழுத்துகளையும் மாதிரி காட்டியிருக்கிறார்கள். எந்த எழுத்துரு மேல் என்று இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கும் இன்றைய வடிவமைப்பாளரின் வேலையை நம் முதல் அச்சு நூலே செய்திருக்கிறது. அதற்கும் முன்னே, 1554இல் லிஸ்பனில் வெளிவந்த ‘கார்த்தில்யா’ தமிழை உரோமன் எழுத்திலேயே அச்சிட்டுச் சிக்கலைத் தவிர்த்துக்கொண்டது. கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பும் நம் தம்பிகளுக்கு அது மூத்த முன்னோடி.

இரண்டு எழுத்துமுறைகளை ஒரே தாளில் நிறுத்தும்போது முதலில் எழுவது அளவுச் சிக்கல். தரங்கம்பாடிக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழெழுத்துகள் மிகப் பெரியவை. கிடைத்த தாளோ அரிது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட முடியாதென்று உணர்ந்து, இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டனர். பின்னாளில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹண்ட் செப்பமான சிறு தமிழெழுத்துகளை உருவாக்கினார். வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதி 1862இல் அவ்வச்சகத்தில்தான் வெளிவந்தது. தமிழ்ச் சொல்லும் ஆங்கிலப் பொருளும் ஒரே வரியில் ஓட வேண்டிய நூல் அது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் இன்னும் ஒரு படி மேலே சென்று, தமிழ்ச் சொல், அதன் உரோமன் ஒலிபெயர்ப்பு, ஆங்கிலப் பொருள், தமிழ்ப் பொருள் ஆகியவற்றை ஒரே பதிவில் அடக்கியது. பன்மொழி வடிவமைப்பைக் கற்க விரும்புவோர் வெளிநாட்டுக் கையேடுகளைத் தேடுமுன் லெக்சிகனின் ஒரு பக்கத்தை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது நம் கருத்து.

கணினியில் இந்த உடன்வாழ்வு எளிதாக அமையவில்லை. ஆங்கிலத்தின் இருக்கையில் தமிழை அமர்த்திய எழுத்துருக்களில், தமிழ் வரியின் நடுவே ஓர் ஆங்கிலச் சொல் வேண்டுமென்றால் எழுத்துருவையே மாற்ற வேண்டும். மறந்தால் மின்னஞ்சல் முகவரி தமிழ் எழுத்துகளின் பொருளற்ற கோவையாகிவிடும். 256 இடங்களில் முதற்பாதியை ஆங்கிலத்துக்கும் மறுபாதியைத் தமிழுக்கும் பகிர்ந்தளித்த திஸ்கி, இணைய மடற்குழுக்களில் தமிழார்வலர்கள் கூடிப் பேசி உருவாக்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டின் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு இரண்டு தரங்களை ஏற்றது. ஒன்று ‘டேப்’, இருமொழி எழுத்துரு. மற்றது ‘டேம்’, தமிழ் மட்டுமே கொண்டது. ஆங்கிலத்துக்கு இடம் விட்டால் அழகிய தமிழ் அச்சுக்கு வேண்டிய வடிவங்களுக்கு இடம் போதவில்லை. எல்லா இடங்களையும் தமிழுக்குக் கொடுத்தால் ஆங்கிலத்துக்கு இடமில்லை. ஆகவே இரண்டு. அந்த இரு பெயர்களிலேயே நம் சிக்கல் முழுதும் அடங்கியிருக்கிறது. 1991 முதலே ஒருங்குறியில் தமிழுக்கு இடம் இருந்தபோதிலும், தமிழ்நாடு அரசு அதனை முறையாகத் தரமாக அறிவித்தது 2010இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்த கோப்புகளின் வழியாகவே ‘கூடலூா்’ நம்மை வந்தடைந்திருக்க வேண்டும்.

எல்லாப் பெயர்களின் கதையும் பிழையில் முடிவதில்லை. உத்தமபாளையம், மேகமலை, முல்லைப் பெரியாறு, வைகை அணை ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றில் வரும் ளை, லை, ணை ஆகியவை ஒரு காலத்தில் யானைத் துதிக்கைபோல் வளைந்த ஐகாரத்துடன் எழுதப்பட்டவை. வைகை அணையைக் காமராசர் 1959இல் திறந்துவைத்தபோது வந்த இதழ்களில் ‘அணை’ என்ற சொல்லைத் தேடினால் பெரும்பாலும் அந்தத் துதிக்கையையே காணலாம். பெரியார் 1935இலேயே ‘குடிஅரசு’ இதழில் கைவிட்ட அவ்வடிவங்களை, 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணையிட்டு நீக்கியது; மாறிய எழுத்துகள் 13. பெரியார் சொன்ன காரணங்களுள் அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை என்பதும் ஒன்று.

ஏழாண்டுகள் முன்னதாக, 1971இல், மலைக்கு அப்புறம் கேரள அரசும் இதே காரணத்துக்காக மலையாள எழுத்தைச் சீர்மை செய்தது. நூற்றுக்கணக்கான கூட்டெழுத்துகளைக் குறைத்தது. மெய்யோடு பிணைந்திருந்த உகர ஊகாரக் குறிகளைப் பிரித்து வலப்பக்கம் நிறுத்தியது. தமிழிலும் உகர வரிசைக்கு அத்தகைய சீர்மை வேண்டுமென்று வா.செ. குழந்தைசாமி நெடுங்காலம் வாதாடினார், அது ஏற்கப்படவில்லை. நம்மைப் பொறுத்தவரை அது நல்லதே. ‘கு’வும் ‘சு’வும் ‘மு’வும் தத்தம் வழியில் வளைவதைக் குழந்தைகள் எப்படியோ கற்றுக்கொண்டுதான் விடுகிறார்கள்.

அதன்பின் இரு மொழிகளும் வேறு திசைகளில் சென்றன. தட்டச்சுப் பொறியின் நெருக்கடி கணினிக்கு இல்லை என்று கண்ட ‘ரசனா’ இயக்கத்தார் 1999இல் மலையாளத்தின் மரபெழுத்துகளை முழுமையாகக் கொண்ட எழுத்துருவை முன்வைத்தனர். இன்று மலையாளக் கணினி எழுத்துருக்களில் மரபு வடிவமும் சீர்மை வடிவமும் இரண்டுமே கிடைக்கின்றன. தமிழில் துதிக்கை திரும்பவில்லை. திரும்ப வேண்டுமென்று கேட்பாரும் அரியர். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஒருங்குறியில் ‘லை’ என்பது லகரமும் ஐகாரக் குறியும் மட்டுமே. அதற்குத் துதிக்கை வடிவம் தருவதா, இன்றைய வடிவம் தருவதா என்பதை முடிவுசெய்வது எழுத்துரு. பழைய நூலின் முகப்பைத் திரையில் அப்படியே காட்ட விரும்புவோர் எழுத்துகளைத் திருத்தவே வேண்டாம். துதிக்கை வடிவங்களைக் கொண்ட எழுத்துரு ஒன்று இருந்தால் போதும். கூடலூரில் நடந்ததற்கு இது நேர்மாறு. அங்கே உருவம் ஒன்று, எழுத்து இரண்டு. இங்கே எழுத்து ஒன்று, உருவம் இரண்டு.

நாம் கையேட்டுக்கு எழுத்துரு தேடிய கதைக்கு வருவோம். மலையாளத்துக்கு ‘மீரா’வைத் தெரிவு செய்தோம். கே.எச். ஹுசைன் வரைந்தது. அவரே தமிழுக்கும் ‘மீரா இனிமை’ என்றோர் எழுத்துருவை வரைந்திருக்கிறார் என்று அறிந்தபோது மகிழ்ச்சி அடைந்தோம். மலைக்கு அப்பாலிருந்து ஒரு மலையாளி தமிழுக்குத் தந்த எழுத்து! இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே கையின் வளைவுகள் தெரிகின்றன. ஆங்கிலத்தோடு சேர்த்தே தமிழை வரைந்தவர்களும் உள்ளனர். பிரியா இரவிச்சந்திரனின் ‘கட்டுமரம்’ தமிழையும் உரோமனையும் ஒன்பது தடிமன்களில் தருகிறது. முத்து நெடுமாறனின் ‘இணைமதி’ மேக் கணினிகளில் தமிழ் படித்தோருக்குப் பழக்கமானது.

ஆனால் நல்ல எழுத்துரு கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. ஆங்கிலத்துக்கு அளந்த பெட்டியில் தமிழைப் போட்டால் என்னாகும் என்பதைப் பெரியகுளம் முதல் லோயர் கேம்ப் வரை சாலையோரப் பலகைகளில் காணலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக ‘கலெக்டரேட்’ என்று முடிந்துவிடுவது தமிழில் ‘மாவட்ட ஆட்சியர் அலுவலகம்’ என்று நீள்கிறது. பலகையின் அகலமோ ஒன்றே. கையால் எழுதிய ஓவியர்கள் இதற்கு வழி அறிந்திருந்தனர். எழுத்தை ஒடுக்கி எழுதும்போது கோட்டின் தடிமனைத் தாமே சரிசெய்துகொள்வார்கள். அல்லது சொல்லை இரண்டு வரியாக்குவார்கள். பிளக்ஸ் வந்தபின் சுட்டியைப் பிடித்து எழுத்தை இருபுறமும் நெருக்கிவிடுகிறார்கள். நெருக்கும்போது செங்குத்துக் கோடுகள் மெலிகின்றன. கிடைக்கோடுகள் தடித்தபடியே நிற்கின்றன. ண, ஞ ஆகியவற்றின் சுழிகள் அடைபடுகின்றன. கார்த்திகை பிறந்து ஐயப்ப பக்தர்கள் இவ்வழியே குமுளிக்குச் செல்லும் நாள்களில் தெலுங்கும் கன்னடமும் பலகைகளில் சேர்ந்துகொள்ளும். ஐந்து மொழிகள் ஒரு பலகையில் நெருக்கப்படும்போது முதலில் மூச்சு முட்டுவது, உள்ளூர் மொழியாயிருந்தும், பெரும்பாலும் தமிழுக்குத்தான்.

இரயில் நிலையப் பெயர்ப்பலகை இவ்வகையில் நல்ல பாடம். 1928இல் தொடங்கிய மதுரை - போடி மீட்டர்கேஜ் பாதை 2010இன் இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகித் தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023இலும் மீண்டும் வண்டி வந்தது. புதிய பலகைகளில் வழக்கம்போல் தமிழ், இந்தி, ஆங்கிலம். தேவநாகரி மேற்கோட்டிலிருந்து தொங்குகிறது. ஆங்கிலத் தலைப்பெழுத்துகள் தரையில் சம உயரமாக நிற்கின்றன. தமிழ் தரையில் நின்றபடி மேலே புள்ளியும் சுழியும் கீழே உகர வாலும் நீட்டுகிறது. மூன்றுக்கும் ஒரே உயரத்தை அளவுகோலால் தந்தால் தமிழின் உடற்பகுதி சிறுத்துவிடும். தமிழ்நாட்டில் இத்தகைய பலகைகளில் எந்தப் பெயர் இருக்கலாம் என்பதற்காக 1953இல் கல்லக்குடியில் போராட்டமே நடந்தது. எந்த எழுத்து எந்த அளவில் இருக்கலாம் என்பதை மட்டும் நாம் அதிகம் பேசியதில்லை.

நம் கையேட்டில் ஆங்கிலத்தைவிடத் தமிழை ஒரு புள்ளி குறைத்து, வரி இடைவெளியை ஒன்றரை மடங்காக்கிய பின்புதான் ‘கூடலூர்’ என்பதன் ஊகார வால்கள் அடுத்த வரியில் இடிக்காமல் நின்றன. மலையாளக் கூட்டெழுத்துகளுக்கும் அந்த இடைவெளி உதவியது. நீண்ட பெயர்களை நெருக்குவதில்லை, இரண்டு வரியாக்குவது என்று முடிவு செய்தோம். போடிநாயக்கனூர் இரண்டு வரியாயிற்று.

எஞ்சியது வீரபாண்டி. சித்திரைத் திருவிழாவுக்குப் பெயர்பெற்ற கௌமாரியம்மன் கோயில் உள்ள ஊர். ‘கௌமாரி’ என்பதை இணையத்தில் தேடிப் பாருங்கள். பின் ‘கெளமாரி’ என்று ளகரம் இட்டுத் தேடிப் பாருங்கள். இரண்டுக்கும் விடைகள் வரும். ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்கு ளகரத்தையே எடுத்துக் கோப்பது பழைய அச்சுக்கூட வழக்கம்; ஈய எழுத்தில் அது சிக்கனம். அச்சுத் தாளைப் படிப்பவர் கெ, ள என்று பிரித்துப் படிப்பதில்லை. கணினி அப்படித்தான் படிக்கும். ரகரக் கால் செய்த அதே வேலை.

அகரவரிசையில் இரட்டித்த பெயர்களை எல்லாம் ஒன்றாக்கிவிட்டோம். ஆனால் பிழையான வடிவங்களை அடியோடு நீக்கவில்லை. ‘கூடலூா்’ என்றும் ‘கெளமாரி’ என்றும் தட்டித் தேடுபவர்கள் நாளையும் இருப்பார்கள். அவர்கள் ஊரைக் காணாமல் திரும்பலாகாது. ஆகவே அவ்வடிவங்களைத் தேடுபொறிக்கு மட்டும் தெரியும்படி உள்ளே வைத்திருக்கிறோம். மலையாளத்தின் பழைய சில்லெழுத்து வடிவத்தையும் அவ்வாறே. மேகமலைக்குத் துதிக்கை ஐகாரத்துடன் ஒரு பக்கம் அமைக்க வேண்டும் என்று நம்முள் ஒருவர் விரும்புகிறார், மற்றவர் ஒப்பவில்லை. அது இன்னும் முடிவாகவில்லை.